மூச்சை ஊதினால் நுரையீரல் நோய் தெரியுமா?

இரவு நேரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் போலீஸ்காரர், சின்னக் கருவி ஒன்றை நீட்டி "ஊதுங்க" என்பார். ஊதிய சில நொடிகளில் திரையில் ஓர் எண் வரும். ஊசி குத்தவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணை வைத்து ரத்தத்தில் எவ்வளவு மது கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி வழக்கு.

குடித்தது வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்தும் சிறுகுடலிலிருந்தும் ரத்தத்தில் கலக்கிறது. மூச்சுக்குள் அது எப்படி வந்தது? ரத்தம் நுரையீரல் வழியாகப் பாயும்போது, எளிதில் ஆவியாகக்கூடிய மது அங்குள்ள காற்றுக்குத் தாவிவிடுகிறது. எவ்வளவு தாவும் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. 1 மில்லி ரத்தத்தில் இருக்கும் மதுவும், ஏறத்தாழ 2,100 மில்லி ஆழ்மூச்சில் இருக்கும் மதுவும் ஒரே அளவு. இந்த விகிதத்தின் அடிப்படையில்தான் 1954-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்கென்ஸ்டைன் போலீசுக்கான ஊதும் கருவியை உருவாக்கினார். ஏலக்காய் மென்றுவிட்டு ஊதுபவர்கள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். கருவிக்கு வேண்டியது நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்று; வாய் மணத்தால் அதற்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மது இப்படி வெளியே வருமானால், நோயால் உடலில் உண்டாகும் வேதிப்பொருட்களும் வரலாமே? வருகின்றன. அவற்றைப் பிடித்து, நோய் முற்றுவதற்கு முன்பே சொல்லிவிடும் முயற்சிதான் மூச்சுப் பகுப்பாய்வு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. சில இடங்களில் பிரமாதமாக வேலை செய்கிறது. சில இடங்களில் செய்தித்தாள் தலைப்போடு நின்றுவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூச்சுக்குள் என்ன இருக்கிறது?

நாம் வெளியே விடும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன்தான். உள்ளே போனது அப்படியே திரும்பி வருகிறது. ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். அப்புறம் நீராவி. பள்ளிப் பாடம் இதோடு முடிந்துவிடும்.

மிச்சமிருக்கும் துளியூண்டு பங்கில்தான் விஷயம் இருக்கிறது. 1971-ல் லைனஸ் பாலிங் (வேதியியலுக்கும் அமைதிக்கும் தனித்தனியாக நோபல் வாங்கியவர்) மனித மூச்சைக் குளிர்ந்த குழாய்க்குள் செலுத்தி, அதிலிருந்த ஆவிகளைப் படியவைத்து, பின்பு சூடாக்கி வாயு நிறப்பிரிகைக் கருவியில் பிரித்துப் பார்த்தார். சுமார் 250 வெவ்வேறு பொருட்கள் தென்பட்டன. அன்றுவரை யாரும் அத்தனையை எதிர்பார்க்கவில்லை. அதன் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டும். இவற்றில் பெரும்பாலானவை எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்.

இவற்றின் அளவுதான் தலைவலி. நூறு கோடி மூலக்கூறுகளில் சில, சில சமயம் அதற்கும் கீழே. நூறு கோடி நொடிகள் என்பது ஏறத்தாழ 32 ஆண்டுகள். அந்த 32 ஆண்டுகளுக்குள் ஒரேயொரு நொடியைத் தேடி எடுப்பது போன்ற வேலை இது.

எங்கிருந்து வருகின்றன இவை? உடல் கொழுப்பை எரிக்கும்போது கல்லீரலில் அசிட்டோன் உருவாகிறது. உடலில் அழற்சி இருந்தால் செல்களின் சவ்விலுள்ள கொழுப்பு சிதைந்து பென்டேன், ஆல்டிஹைடுகள் போன்றவை வருகின்றன. குடல் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனும் மீத்தேனும் தருகின்றன. கடைசியாக, நாமே வெளியிலிருந்து இழுத்தவை: பெட்ரோல் ஆவி, ஊதுபத்திப் புகை, புதுப் பெயின்ட் வாசனை. இந்தக் கடைசி வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய தொல்லை கொடுக்கப்போவது அதுதான்.

ரத்தத்தில் இருப்பது மூச்சில் தெரிவதற்கு நுரையீரலின் அமைப்பே காரணம். இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்துப் பல கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. ஆவியாகக்கூடிய எதுவும் அங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

பழைய மருத்துவர்களுக்கு இது மூக்காலேயே தெரிந்திருந்தது. சர்க்கரை கட்டுமீறிப் போய் மயங்கும் நிலையில் வரும் நோயாளியின் மூச்சில் பழ வாசனை அடிக்கும், அது அசிட்டோன். சிறுநீரகம் செயலிழந்தவரின் மூச்சில் சிறுநீர் நெடி வரும். ஆனால் மூக்குக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். நமக்கு வேண்டியது அதற்கு ரொம்ப முன்னால்.

ஏன் முன்கூட்டியே?

நுரையீரலின் உள்திசுவில் வலி நரம்புகள் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் உறையைத் தொட்டால்தான் வலிக்கும். அதோடு நுரையீரலில் கையிருப்பும் அதிகம். ஒன்றை முழுதாக எடுத்துவிட்டாலும் மனிதர்கள் நடமாடுகிறார்கள். எனவே உள்ளே பெரிய சேதம் நடந்துகொண்டிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் "வயசாகுது" என்றோ "வெயிட் போட்டுட்டேன்" என்றோ சொல்லிக்கொள்கிறோம். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இப்படித்தான் பல ஆண்டுகள் மறைந்திருக்கும். அது பீடி, சிகரெட் குடிப்பவர்களின் நோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாமல், விறகடுப்புப் புகையில் சமைத்தே அந்த நோய்க்கு ஆளான பெண்கள் நம் கிராமங்களில் நிறையப் பேர்.

இன்றைக்கு இருக்கும் சோதனைகளில் ஸ்பைரோமெட்ரி ஒன்று. ஜான் ஹட்சின்சன் 1846-லேயே விவரித்த முறை. ஆழமாக இழுத்து, பலம்கொண்ட மட்டும் ஊதினால், எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று காட்டும். இதுவும் மூச்சுச் சோதனைதான். ஆனால் காற்றின் அளவைச் சொல்லுமே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. வேகம் குறைந்த பிறகுதான் அதில் தெரியும். குறையப்போகிறது என்பது தெரியாது.

புற்றுநோய்க்கு வந்தால், நுரையீரல் புற்றுநோய்தான் உலகில் அதிகம் பேரைக் கொல்லும் புற்றுநோய். 2022-ல் மட்டும் சுமார் 18 லட்சம் மரணங்கள். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் மூலம் முன்கூட்டியே தேடினால் பலன் உண்டு என்பது 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் உறுதியானது. பல ஆண்டுகள் கடுமையாகப் புகைபிடித்த 53,454 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஸ்கேனில் 'சந்தேகம்' என்று வந்த முடிவுகளில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றுநோயே இல்லை. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது இன்னும் சிக்கல். பழைய காசநோய்த் தழும்பும் ஸ்கேனில் சின்னக் கட்டி மாதிரியே தெரியும்.

ஆக, ஸ்கேனுக்கு முன்னால் வைக்க மலிவான, வலியில்லாத சோதனை ஒன்று தேவைப்படுகிறது. மூச்சு மேல் எல்லோருக்கும் கண் போனதற்குக் காரணம் அதுதான்.

ஆஸ்துமாவில் ஜெயித்த கதை

நைட்ரிக் ஆக்சைடு என்பது ஒரு சின்ன வாயு. ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். வாகனப் புகையில் இருக்கும் மாசு என்றுதான் முன்பு அதை அறிந்திருந்தார்கள். ரத்தக்குழாயைத் தளரச் சொல்லும் தூதுவனாக உடலே அதைத் தயாரிக்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு 1998-ல் மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது. அதற்கு முன்பே, 1991-ல், ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த குஸ்டாஃப்சனும் சகாக்களும் மனித மூச்சில் அந்த வாயு இருப்பதைக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் அடுத்த செய்தி வந்தது: ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது அதிகம்.

காரணம் நேரடியானது. ஒவ்வாமை வகை ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியிருக்கும். ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே கூட்டமாக வந்து சேரும். அந்த அழற்சியைக் கிளப்பும் அதே சமிக்ஞை, சுவரிலுள்ள செல்களை நைட்ரிக் ஆக்சைடு அதிகமாகத் தயாரிக்கவும் தூண்டுகிறது. இன்ஹேலரில் ஸ்டீராய்டு எடுத்தால் அழற்சி தணிகிறது, வாயுவும் குறைகிறது. நோய், வாயு, மருந்து மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. மூச்சுப் பகுப்பாய்வில் இவ்வளவு ஒழுங்காக அமைந்த விஷயம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சோதனை எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேசை மேல் வைக்கும் சின்னக் கருவி. அதன் குழாயை வாயில் வைத்து, கருவி வழியாகவே நுரையீரல் நிறையக் காற்றை இழுக்க வேண்டும். அறைக் காற்றிலும் நைட்ரிக் ஆக்சைடு இருக்கும் என்பதால், அதை வடிகட்டித்தான் கருவி உள்ளே அனுப்புகிறது. அப்புறம் சீராக ஊத வேண்டும்: நொடிக்கு 50 மில்லி வேகத்தில், பெரியவர்கள் 10 நொடி, சிறு பிள்ளைகள் 6 நொடி. வேகமாக ஊதினால் எண் குறைந்துவிடும், மெதுவாக ஊதினால் ஏறிவிடும். வேகத்தைக் காப்பாற்றுவதற்காகத் திரையில் பலூனோ மேகமோ மிதக்கும். அதை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஊதும்போது கொஞ்சம் அழுத்தம் கொடுத்து ஊதும்படி கருவியைச் செய்திருக்கிறார்கள். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்சைடு ஏராளமாக உருவாகிறது. அது கலந்தால் கணக்கே கெட்டுவிடும். வாயில் அழுத்தம் ஏறியதும் மேலண்ணம் தூக்கி மூக்கின் பின்வாசலை மூடிவிடுகிறது. எனவே கருவிக்குப் போவது மூச்சுக்குழாய்க் காற்று மட்டும். ஒரு சின்னத் தடையை வைத்து இவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்த்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

எண் வருவது நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கில். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே என்றால் அந்த வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 50-க்கு மேல் என்றால் இருக்க வாய்ப்பு அதிகம், ஸ்டீராய்டு இன்ஹேலர் கேட்கும். குழந்தைகளுக்கு இதே எல்லைகள் 20, 35. நடுவில் வந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பிரிட்டனில் 2024-ல் வந்த வழிகாட்டுதல், ஆஸ்துமா அறிகுறிகள் உள்ள பெரியவருக்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தால் அதை வைத்தே ஆஸ்துமா என்று உறுதிசெய்யலாம் என்கிறது. "தினமும் இன்ஹேலர் எடுக்கிறேன் டாக்டர்" என்று சொல்பவரின் எண் இறங்காமலே இருந்தால், மருத்துவர் ஒரு மாதிரி பார்ப்பார்; சரியாக எடுக்கத் தெரியவில்லையோ, எடுப்பதே இல்லையோ என்று.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடவோ குடிக்கவோ புகைபிடிக்கவோ கூடாது. கீரை, பீட்ரூட் போன்ற நைட்ரேட் நிறைந்த உணவு எண்ணை ஏற்றிவிடும். புகைப்பழக்கம் இறக்கிவிடும், புகைபிடிக்கும் ஆஸ்துமாக்காரருக்குக் குறைவான எண் வந்தால் நிம்மதியடைய முடியாது. அதே நாளில் ஸ்பைரோமெட்ரியும் இருந்தால் இதை முதலில் எடுத்துவிட வேண்டும். பலமாக ஊதி ஊதிக் களைத்த பிறகு எடுத்தால் எண் குறைவாகக் காட்டும்.

இதே வாயு நேரெதிராகவும் உதவுகிறது. மூச்சுப்பாதையின் நுண்மயிர்கள் பிறவியிலேயே சரியாக அசையாத அரிய நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளின் மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு மிகக் குறைவாக இருக்கும். அதை அளந்தே நோயைச் சந்தேகிக்க முடியும்.

புற்றுநோயில் ஏன் இழுபறி?

ஆஸ்துமாவில் ஒரே வாயுவைப் பார்த்தோம். புற்றுநோய்க்கென்று அப்படி ஒற்றை வாயு எதுவும் கிடைக்கவில்லை. இருப்பது ஒரு கலவை. இதில் கொஞ்சம் அதிகம், அதில் கொஞ்சம் குறைவு. அந்தக் கலவையின் சாயலை வைத்து அடையாளம் காண வேண்டும். 1999-ல் மைக்கேல் ஃபிலிப்ஸ் குழு, மார்பு எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்த 108 பேரின் மூச்சை ஆராய்ந்து, புற்றுநோய் உள்ளவர்களைப் பிரித்துக்காட்ட 22 சேர்மங்களின் தொகுப்பை லான்செட் மருத்துவ இதழில் முன்வைத்தது. பெரிய பரபரப்பு. அதன் பின் உலகெங்கும் பல குழுக்கள் இறங்கின. ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் தந்தது. பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஏன் என்றால், மூச்சில் நோயைத் தவிர மற்ற எல்லாமும் இருக்கிறது. புகைபிடிப்பவரின் மூச்சில் பென்சீன் முதலியவை வரும். நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் புகைபிடித்தவர்கள் என்பதால், கருவி கண்டுபிடித்தது புற்றுநோயையா சிகரெட்டையா என்று குழப்பம் வரும். நோயாளிகளின் மூச்சை மருத்துவமனையிலும், ஆரோக்கியமானவர்களின் மூச்சைக் கல்லூரியிலும் எடுத்தால், மருத்துவமனைத் தரையைத் துடைத்த திரவத்தின் வாசனையே 'புற்றுநோய்க் குறியீடு' ஆகிவிடக்கூடும். முன்பு சொன்ன வெளிக்காற்றுத் தொல்லை இதுதான்.

மனநிலைகூட மூச்சை மாற்றும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தினர் ஒரு திரையரங்கின் காற்று வெளியேறும் குழாயில் காற்றிலுள்ள சேர்மங்களை அளக்கும் நிறமாலைக் கருவியை வைத்து, படம் ஓட ஓட அளந்தார்கள். பரபரப்பான காட்சி வரும்போதெல்லாம் ஐசோபிரீன் என்ற சேர்மம் ஏறியது. அதே படத்தை வேறு கூட்டம் பார்த்தபோதும் அதே இடங்களில் ஏறியது. ஐசோபிரீன் தசைகளில் தங்கியிருக்கும், தசை இறுகினால் வெளியே வரும். முடிவுக்காகப் பதறிக்கொண்டிருக்கும் நோயாளியின் மூச்சும், தன்னார்வலராக நிம்மதியாக வந்து ஊதிவிட்டுப் போகிறவரின் மூச்சும் எப்படி ஒன்றாக இருக்கும்?

மாதிரி எடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. சாதாரணமாக ஒரு மூச்சில் 500 மில்லி காற்று போய்வருகிறது என்றால், அதில் சுமார் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிட்டுத் திரும்புவது. ரத்தத்தைச் சந்திக்காத காற்று. எந்தப் பகுதியைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறுபடுவதால், கருவிகளை ஒப்பிடுவதற்காக விஞ்ஞானிகள் ஒரு பொதுச் சோதனை வைத்துக்கொண்டார்கள். புதினா எண்ணெய் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, அதன் வாசனைச் சேர்மங்கள் மூச்சில் ஏறி இறங்குவதை ஒவ்வொரு ஆய்வகமும் அளக்கிறது. எல்லோருக்கும் ஒரே கோடு வருகிறதா என்று பார்க்கிறார்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வீண்.

நாய்களையும் பழக்கிப் பார்த்தார்கள். 2006-ல் வந்த அமெரிக்க ஆய்வில் நாய்கள் அசத்தின. பிறகு நிஜப் பரிசோதனை முகாம் மாதிரியான சூழலில் ஆஸ்திரியாவில் சோதித்தபோது அந்த அளவுக்கு வரவில்லை. நாயின் மூக்கை இயந்திரமாக்கும் முயற்சி 1982-லேயே பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாடும் டாடும் செய்த 'மின்னணு மூக்கில்' தொடங்கியது. அதிலுள்ள ஒவ்வொரு உணரியும் (சென்சார்) பல வாசனைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பதில் தரும். எல்லாவற்றின் பதிலையும் சேர்த்துக் கணினி அடையாளம் காணும். 2009-ல் இஸ்ரேலின் டெக்னியானில் ஹொசாம் ஹைக் குழு தங்க நானோ துகள்களைக்கொண்டு இதே பாணியில் உணரிகள் செய்து, நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சைப் பிரித்துக் காட்டியது.

சரி, கருவி நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நீண்டகாலம் புகைபிடித்த 10,000 பேர் ஊதுகிறார்கள். அவர்களில் 100 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது. கருவி, நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத நூறு பேரில் 90 பேரை இல்லை என்றே சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் இல்லாதவர்கள் 9,900 பேர். அவர்களில் பத்தில் ஒருவர், அதாவது 990 பேர், தவறாக மாட்டுவார்கள். 'நோய் இருக்கலாம்' என்று வந்த 1,080 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேர்தான். பன்னிரண்டு பேருக்கு ஒருவர். மீதிப் பதினோரு பேரும் தூக்கமில்லாமல் அடுத்த ஸ்கேனுக்கு அலைவார்கள்.

இதே கணக்கை மறுபக்கமாகப் பாருங்கள். 'இல்லை' என்று வந்தவர்கள் 8,920 பேர்; அவர்களில் தப்பவிடப்பட்டவர்கள் 10 பேர் மட்டும். எனவே மூச்சுச் சோதனை, யாருக்கு ஸ்கேன் இப்போது அவசரமில்லை என்று சொல்வதில்தான் கெட்டி என்பது என் கருத்து. செய்தித் தலைப்புகளோ எப்போதும் மறுபக்கத்தையே பிடித்துக்கொள்கின்றன.

கோவிட் காலத்தில் இதற்கு ஒரு நிஜ ஒத்திகை நடந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல்முறையாக ஒரு கோவிட் மூச்சுச் சோதனைக்கு அவசர அனுமதி கொடுத்தது. கைப்பெட்டி அளவுக் கருவி, மூன்று நிமிடத்துக்குள் முடிவு, ஐந்து சேர்மங்களைப் பார்க்கும். 2,409 பேரிடம் நடந்த ஆய்வில், தொற்று உள்ளவர்களில் 91.2 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 99.3 சதவீதத்தினரைச் சரியாகச் சொன்னது. அப்படியும், தொற்று என்று வந்தால் மறுபடியும் மூலக்கூறு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி.

தேடுவதை விட்டுவிட்டுக் கேட்பது

மூச்சில் தானாக வரும் வாசனையைத் தேடுவது ஒரு வழி. இன்னொரு வழி, உடலுக்குள் ஒரு கேள்வியை அனுப்பி, பதில் மூச்சில் வருகிறதா என்று பார்ப்பது. இந்தப் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். காரணம், வயிற்று மருத்துவர்கள் இதை எப்போதோ சாதித்துவிட்டார்கள். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவுக்கு (அதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல்) யூரியாவை உடைக்கும் நொதி உண்டு. அடையாளம் பொறித்த கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரத்தில் ஊதச் சொல்வார்கள். அந்த அடையாளக் கார்பன் மூச்சில் வந்தால் பாக்டீரியா இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. ஐசோபிரீன், ஊதுபத்தி, கீரை எதுவும் இங்கே குறுக்கே வராது.

நுரையீரலுக்கும் இதே உத்தியைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அவுல்ஸ்டோன் மெடிக்கல் நிறுவனம் ஒரு நொதியைக் குறிவைக்கிறது. நல்ல திசுவில் அந்த நொதி செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். கட்டியில் செல்கள் மடியும் இடத்தில் வெளியே கசிந்து கிடக்கும். உடலில் செலுத்தும் மருந்தை அந்த நொதி வெட்டினால், கன ஹைட்ரஜன் சேர்ந்த ஒரு வகை எத்தனால் பிரிந்து மூச்சில் வரும். சாதாரணமாக யார் மூச்சிலும் இருக்காத பொருள் அது. மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சங்கீதா பாட்டியா குழு 2020-ல் இன்னொரு வடிவத்தைக் காட்டியது. ஆவியாகும் சிறு மூலக்கூறுகளைப் புரதத் துணுக்குகளால் நானோ துகளில் கட்டி, எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்தினார்கள். நிமோனியாவால் அழற்சி இருந்தால், அங்கே குவியும் வெள்ளணுக்களின் நொதி அந்தக் கட்டை அறுத்துவிடும்; மூலக்கூறு விடுபட்டுச் சில நிமிடங்களில் எலியின் மூச்சில் வந்துவிடும். எலிகளில் பார்த்தது இது. மனிதருக்கு வருவதற்குள் அந்தத் துகள்கள் பாதுகாப்பானவையா என்ற பெரிய வேலை பாக்கி இருக்கிறது.

காசநோய்க்கு வேறு பாதை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார், எனவே இது நமக்கு நெருக்கமான விஷயம். பெரும்பாலும் சளி எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். குழந்தைகளுக்கும் சில பெரியவர்களுக்கும் சளி வரவே வராது. பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு, முகக்கவசத்துக்குள் ஒரு பட்டையை ஒட்டி, மூச்சோடு வரும் நுண்துளிகளை அதில் பிடித்து, அதிலுள்ள கிருமியின் மரபணுவைத் தேடும் முறையைத் தென்னாப்பிரிக்க நோயாளிகளிடம் சோதித்தது. இங்கே வாயுவைத் தேடவில்லை, கிருமியையே தேடுகிறார்கள். அதனால் புற்றுநோய் வாசனைக்கு இருக்கும் குழப்பம் இதற்கு இல்லை.

இன்றைக்கு ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போனால் நிஜமாகக் கிடைப்பது என்ன? ஸ்பைரோமெட்ரி கிடைக்கும். பெரிய ஊர்களில் நைட்ரிக் ஆக்சைடு சோதனையும் கிடைக்கும். புகைப்பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சை மையங்களில் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் சின்னக் கருவி இருக்கும். சிகரெட்டை நிறுத்திய மறுநாளே அந்த எண் விழுந்துவிடுவதைக் கண்ணால் பார்த்தே விடாப்பிடியாக விட்டவர்கள் உண்டு. நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து முடிவு சொல்லும் சோதனை, வழக்கமான மருத்துவத்தில் இன்னும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது விற்க வந்தால், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், அவர்களில் நோய் இல்லாத புகைப்பழக்கக்காரர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே கிளம்பிவிடுவார்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தப் புதுக் கருவிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.